காணும் பொங்கலுக்கு நாற்பது பேருக்கு ஃப்ரூட் சாலட்: தண்ணீர் விடாமலும் கசக்காமலும் செய்வது எப்படி?

வடவள்ளி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோவையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் ஆண்டுதோறும் காணும் பொங்கலன்று மாலை எல்லா வீட்டாரும் மொட்டை மாடியில் கூடி, வீட்டுக்கொரு பண்டம் செய்து கொண்டுவந்து பகிர்ந்து உண்பது வழக்கம். சென்ற ஆண்டு ஃப்ரூட் சாலட் என் பொறுப்பில் வந்தது. இரண்டு நாளாகச் சர்க்கரைப் பொங்கலும் வடையும் தின்று திகட்டிய வாய்க்குப் பழம் இதமாக இருக்கும் என்று நானே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. ஆகவே அது கெட்டுப்போனதற்கு வேறு யாரையும் குறை சொல்லவும் எனக்கு வழியில்லை.

நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். மாலையில் அவசரப்படக் கூடாதென்று காலை பத்து மணிக்கே ஆப்பிள், பூவன் வாழைப்பழம், பப்பாளி, கமலா ஆரஞ்சு, மாதுளை, பன்னீர் திராட்சை எல்லாவற்றையும் நறுக்கி, கால் கிலோ சர்க்கரையையும் தூவிக் கலந்து, பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். ஐந்து மணிக்கு மூடியைத் திறந்தால், அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் சிவப்புத் தண்ணீர் நின்றது. ஆப்பிளும் வாழைப்பழமும் கறுத்திருந்தன, பப்பாளி குழைந்து எல்லாவற்றின் மேலும் ஒட்டியிருந்தது, ஆரஞ்சுச் சுளையோ முதலில் இனித்து, விழுங்கும்போது கசந்தது. திராட்சைக் கொட்டைகளைப் பிள்ளைகள் மாடி முழுக்கத் துப்பி வைத்தார்கள். எதிர் வீட்டுப் பெரியவர் மட்டும் முகம் கோணாமல், "நல்லாத்தான் இருக்குதுங்க அம்மணி, ஒரு டம்ளர் குடுத்தீங்கன்னா குடிக்கறதுக்குத் தோதா இருக்கும்" என்றார். அந்தச் சொல் ஓராண்டாக என் காதில் இருக்கிறது.

இந்த ஆண்டும் அதே பொறுப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மார்கழி, தை மாதங்களில் நம் சந்தையில் நியாயமாகக் கிடைக்கும் பழங்களை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். கஸ்டர்டும் ஐஸ்கிரீமும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம், ஏனென்றால் உண்பவர்களில் ஏழெட்டுப் பேர் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள். எந்தப் பழங்களைத் தேர்ந்தெடுக்கலாம், எதை எப்போது நறுக்க வேண்டும், எவ்வளவு வாங்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பனி கொட்டும் மாதத்தில் பொழுது சாய்ந்த பிறகு பழம் கொடுத்தால் பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கும் என்கிறார் என் மாமியார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்றும் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.


உறையூர்ச் சமையல் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்யாணச் சமையலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் வாங்கிய பழங்களைவிட, நீங்கள் நறுக்கிய நேரமும் தூவிய சர்க்கரையும்தான் உங்கள் காலை வாரிவிட்டிருக்கின்றன. ஊறுகாய்க்கு மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டு நிற்கிறதல்லவா? உப்பு செய்யும் அதே வேலையைப் பழத்தில் சர்க்கரை செய்கிறது. பழத்தின் உள்ளே இருக்கும் நீரை அது வெளியே இழுக்கிறது, நீரை இழந்த பழம் துவள்கிறது, துவண்ட பழத்தைக் கரண்டியால் கிளறும்போது அது மேலும் சிதைகிறது. ஏழு மணி நேரம் அப்படியே விட்டால் நான்கு விரற்கடை தண்ணீர் நிற்பதில் வியப்பில்லை. சர்க்கரையே வேண்டாம். தையில் கிடைக்கும் பழம் தன் இனிப்பாலேயே நிற்கும்.

நாற்பது பேருக்கு, ஆளுக்கு 150 கிராம் என்று வைத்தால் நறுக்கிய பழம் 6 கிலோ வேண்டும். தோல், கொட்டை, கழிவு எல்லாம் போக அந்த எடை நிற்பதற்குக் கடையில் ஏறக்குறைய 9 கிலோ வாங்க வேண்டியிருக்கும். நான் வாங்குவதாக இருந்தால் கொய்யா 2 கிலோ, பப்பாளி 2 கிலோ, கமலா ஆரஞ்சு 2 கிலோ, மாதுளை ஒன்றேகால் கிலோ, செவ்வாழை அல்லது நேந்திரன் 1 கிலோ, சப்போட்டா முக்கால் கிலோ என்று வாங்குவேன். ஆப்பிளை நான் சேர்க்க மாட்டேன். நமக்குச் சனவரியில் வரும் உள்நாட்டு ஆப்பிள் இமாசலத்திலும் காஷ்மீரிலும் மழைக்காலக் கடைசியிலும் அதை அடுத்த வாரங்களிலும் பறித்துக் குளிர்கிடங்கில் வைத்திருந்தது. அதைப் பருவப் பழம் என்று சொல்ல முடியாது, நறுக்கினால் கறுக்கும் தொல்லை வேறு.

கொய்யாவைத்தான் கலவையின் பெரும்பங்காக வைக்க வேண்டும். அது கெட்டியாக நிற்கும், தண்ணீர் விடாது, ஆப்பிளைப் போல அவ்வளவு விரைவில் நிறம் மாறாது. ஆனால் அதன் நடுவில் இருக்கும் விதைப் பகுதியைப் பெரியவர்கள் கடிக்க முடியாது. ஒவ்வொரு கொய்யாவையும் இரண்டாக வகிர்ந்து, தேக்கரண்டியால் நடுவிலுள்ள விதைச் சதையை வட்டமாகச் சுரண்டித் தனிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, வெளிச்சதையை மட்டும் சுண்டு விரல் நுனி அளவுக்கு நறுக்குங்கள். அந்த விதைச் சதையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், கொய்யாவில் மணமும் இனிப்பும் மிகுந்த பகுதி அதுதான். நான்கு ஆரஞ்சுகளின் சாற்றை அதில் பிழிந்து, கையால் பிசைந்து, பெரிய கண் உள்ள வடிகட்டியில் தேய்த்து வடித்தால் விதைகள் மேலே நின்று, கெட்டியான கூழ் கீழே இறங்கும். கொய்யாவில் பெக்டின் நிறைய இருப்பதால்தான் கொய்யா ஜெல்லி அவ்வளவு எளிதில் உறைகிறது. அதே பெக்டின் இந்தக் கூழுக்கும் ஒரு பிடிப்பைக் கொடுப்பதால், அது பழத்துண்டுகளின் மேல் பூசினாற்போல் ஒட்டி நிற்கும், அடியில் வடியாது. சர்க்கரைப் பாகு, கஸ்டர்டு ஆகிய எல்லாவற்றுக்கும் மாற்றாக இந்த ஒரு கூழ் போதும். விருப்பமிருந்தால் இரண்டு தேக்கரண்டி தேனும் இடித்த மிளகும் சேர்க்கலாம்.

ஐந்து மணிக்குப் பரிமாற வேண்டுமானால் இரண்டு மணிக்கு மாதுளையில் தொடங்குங்கள். உதிர்த்த முத்துகள் கெடாது, ஆனால் கடைசியில் மேலே தூவினால் மட்டுமே மற்றப் பழங்களில் சிவப்புச் சாயம் ஏறாது. மூன்று மணிக்கு ஆரஞ்சை உரிக்கலாம். மூன்றரைக்குக் கொய்யா, நான்கு மணிக்குச் சப்போட்டாவும் பப்பாளியும். வாழைப்பழத்தை மாடிக்குத் தோலோடு எடுத்துச் சென்று, பரிமாறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அங்கேயே நறுக்குங்கள். ஒவ்வொரு பழத்தையும் தனித்தனி டப்பாவில் மூடி வைத்து, எல்லாவற்றையும் நாலே முக்காலுக்கு ஒன்றுசேர்த்து, கரண்டியைக் காட்டிலும் அகலமான இரண்டு கைகளால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிவிட்டால் எதுவும் நசுங்காது. கை கழுவியிருக்க வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.


ஆயக்குடித் தோட்டம் எழுதியது:

வணக்கம். உறையூர் அண்ணன் செய்முறையைச் சொல்லிவிட்டதால், நான் வாங்குவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பழனிக்கு அருகில் ஆயக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொய்யாத் தோட்டம் இருக்கிறது.

கொய்யா மழைக்காலத்திலும் காய்க்கும், பனிக்காலத்திலும் காய்க்கும். இரண்டும் ஒன்றல்ல. மழைக்காலக் காய் நீர்த்துப்போய்ச் சப்பென்று இருக்கும், பழ ஈ விழுந்து புழுவும் வைக்கும். பனி இறங்கிய பிறகு வரும் காய்தான் சதை இறுகி, இனிப்பு ஏறி, மணத்தோடு இருக்கும். ஆகவே சாலட்டுக்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது. எங்கள் பக்கத்தில் லக்னோ 49 என்ற இரகம் மிகுதி. காய் பெரியது, தோல் சற்றுச் சொரசொரப்பானது, உள்ளே வெண்மையாக இருக்கும். பிள்ளைகளுக்குக் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டுமானால் உள்ளே சிவந்த இரகத்தில் அரைக் கிலோ கலந்துகொள்ளுங்கள். முழுக்க மஞ்சளாகி, கூடையைத் திறந்ததுமே மணம் தூக்கும் பழம் அன்றைக்கே தின்னத்தான் ஏற்றது, நறுக்கினால் கத்தியில் ஒட்டும். பச்சை மங்கி, மஞ்சள் படரத் தொடங்கிய காயாகப் பார்த்து முதல் நாள் வாங்கி, ஓர் இரவு வெளியில் வைத்தால் சரியான பதத்துக்கு வந்துவிடும்.

சப்போட்டாவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். குளிர்காலத்தில் அது பழுக்க நாளாகும், ஆகவே நான்கைந்து நாள் முன்னதாகவே வாங்கி, பழுத்த வாழைப்பழத்தோடு சேர்த்து அரிசிப் பானையில் போட்டு வைக்க வேண்டும். வாங்கும்போது நகத்தால் தோலை இலேசாகக் கீறிப் பாருங்கள். கீறிய இடம் பச்சையாக இருந்து பால் கசிந்தால் அது முற்றாத காய். அதை என்னதான் வைத்தாலும் துவர்ப்பு போகாது. ஆரஞ்சைக் கையில் தூக்கிப் பார்த்து, அளவுக்கு மேல் கனமாக இருப்பதை எடுங்கள். தோல் பெரிதாக உப்பி, உள்ளே சுளை குலுங்கும் பழம் சாறு வற்றியது. நாகபுரி ஆரஞ்சின் ஒரு போகம் நவம்பரிலிருந்து சனவரி வரை சந்தைக்கு வருவதால், பொங்கல் நேரத்தில் தட்டுப்பாடு இருக்காது.

திராட்சையை இந்த முறை விட்டுவிடுங்கள். கொட்டையில்லாத நாசிக் திராட்சை இனித்து வருவது பிப்ரவரிக்கு மேல்தான், சனவரியில் வருவது பெரும்பாலும் புளிப்பு. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது, 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மணத்தில் அதை அடிக்க ஆளில்லை. ஆனாலும் அதன் தோல் வழுக்கிக் கழன்றுவிடும், உள்ளே கொட்டையும் இருக்கும் என்பதால் அது சாற்றுக்கு உகந்த பழமே தவிரச் சாலட்டுக்கு உகந்ததல்ல. மகாபலேசுவரத்து ஸ்ட்ராபெரி இந்த மாதங்களில் வருகிறது. வசதியிருந்தால் ஒரு டப்பா வாங்கி, மாதுளையோடு கடைசியாக மேலே வையுங்கள், கலக்க வேண்டாம்.

வாழையைப் பற்றி ஒரு சொல். நீங்கள் பூவனைப் போட்டதால்தான் அது குழைந்தது. எங்கள் ஊரில் ஒரு பழக்கலவை இருக்கிறது, ஃபிரிட்ஜே இல்லாமல் நாள்கணக்கில் கெடாமல் நிற்கும். பழனிப் பஞ்சாமிர்தத்தைத்தான் சொல்கிறேன். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. மலைவாழையான விருப்பாட்சிப் பழத்தில் ஈரப்பதம் குறைவு என்பதும் அது கெடாமல் இருப்பதற்கு ஒரு காரணம். தண்ணீர் குறைந்த வாழை, தண்ணீர் குறைந்த கலவை, அவ்வளவுதான் கணக்கு. மலைவாழை கிடைத்தால் மிக நன்று, விலை அதிகம் என்று தோன்றினால் நன்றாகப் பழுத்த நேந்திரனே போதும்.


மனையியல் ஆசிரியை எழுதியது:

வணக்கம். மேலே உள்ள இரண்டு பதில்களும் மிகப் பயனுள்ளவை. ஆனால் உறையூர் நண்பர் சொன்ன ஓர் இடத்தை மட்டும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. கொய்யாக் கூழில் ஆரஞ்சுச் சாற்றைப் பிழியச் சொல்லியிருக்கிறார். பிழிந்த கையோடு பரிமாறினால் அதில் தவறில்லை. மூன்றரை மணிக்குப் பிழிந்து வைத்து ஐந்தரைக்கு உண்டால், சென்ற ஆண்டு வந்த அதே கசப்பு மறுபடியும் வரக்கூடும்.

அந்தக் கசப்புக்குக் காரணம் ஆரஞ்சு கெட்டுப்போனது அல்ல. ஆரஞ்சு வகைகளில் லிமோனின் என்ற கசப்புப் பொருளின் முன்வடிவம் ஒன்று இருக்கிறது. முழுப் பழத்தில் அது கசப்பில்லாத நிலையிலேயே இருக்கும். சுளை கிழிந்து, சாறு வெளிப்பட்டு, பழத்தின் புளிப்போடு அது கலந்த பிறகு சிறிது சிறிதாக லிமோனினாக மாறுகிறது. அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால்தான் வீட்டில் பிழிந்த ஆரஞ்சுச் சாறு காலையில் இனித்து மதியத்தில் கசக்கிறது. கொட்டையிலும் சுளையைச் சுற்றியிருக்கும் வெள்ளை நாரிலும் கசப்பு இன்னும் மிகுதி. ஆகவே ஆரஞ்சைக் கத்தியால் குறுக்கே நறுக்காமல் முழுச் சுளையாகப் பிரித்து, வெள்ளை நாரை விரலால் உரித்துவிட்டு, சுளையின் உள்விளிம்பை மட்டும் கத்தரிக்கோலால் மெல்ல நறுக்கிக் கொட்டையைப் பிதுக்கி எடுத்துவிடுங்கள். சுளைத்தோல் கிழியாமல் இருக்கும்வரை கசப்பு ஏறுவதற்கு வாய்ப்புக் குறைவு. இரண்டு கிலோ ஆரஞ்சுக்கு இப்படிச் செய்ய ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். வீட்டில் பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளை உட்கார்த்தி வைத்தால், சண்டை போட்டுக்கொண்டாவது முடித்துவிடுவார்கள்.

கூழுக்குப் புளிப்பு வேண்டுமானால் இரண்டு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அதைவிட நல்லது, இதே பருவத்தில் மலிவாகக் கிடைக்கும் பெருநெல்லிக்காய். மூன்று நெல்லிக்காயைத் துருவிப் பிழிந்து அந்தச் சாற்றைக் கொய்யாக் கூழில் சேர்த்தால் புளிப்போடு ஓர் இலேசான துவர்ப்பும் வரும், தண்ணீர் குடித்தால் வாய் இனிக்கும். பழம் கறுப்பதைத் தடுப்பதற்கும் இது உதவும். வெட்டிய இடத்தில் காற்றுப் பட்டதும் பழத்திலுள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி வேலை செய்யத் தொடங்குவதால்தான் ஆப்பிளும் வாழையும் கறுக்கின்றன. புளிப்பும் வைட்டமின் சியும் அந்த வேலையைத் தாமதப்படுத்தும். ஆரஞ்சிலும் எலுமிச்சையிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் வைட்டமின் சி என்றால், கொய்யாவில் அது ஏறத்தாழ 200 மில்லிகிராம், நெல்லிக்காயில் அதைவிடவும் கூடுதல்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் இரும்பு அரிவாள்மனையோ பழைய இரும்புக் கத்தியோ புழக்கத்தில் இருந்தால் அன்றைக்கு மட்டும் அதைத் தொடாதீர்கள். நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் மை போலக் கறுத்துவிடும். அதைப் பழத்தின் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். எவர்சில்வர் கத்தி போதும். கடைசியாக, கலவையைப் புரட்டும்போது கால் தேக்கரண்டி உப்பை மறந்துவிடாதீர்கள். உப்பு கசப்பை அடக்கும், இனிப்பைத் தூக்கிக் காட்டும். பள்ளிக்கூட வாசலில் கொய்யாவைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் வைத்துக் கொடுத்த பாட்டிகளுக்கு இது யாரும் சொல்லித் தெரிந்ததல்ல.


ஓய்வுபெற்ற செவிலி எழுதியது:

வணக்கம் அம்மா. உங்கள் மாமியார் சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் வேண்டாம், முழுக்க ஏற்கவும் வேண்டாம். சளி பிடிப்பது கிருமியால், பழத்தால் அல்ல. ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பழத்தைப் பனிக்காற்றில் நின்று தின்றால் சிலருக்குத் தொண்டை கரகரக்கும், பெரியவர்களுக்குப் பல்லும் கூசும். அதற்கு எளிய வழி, பழத்தைச் சில்லென்று கொடுக்காமல் இருப்பதே. தை மாதத்துக் கோவை மாலையில் மூன்று மணிக்கு நறுக்கி மூடி வைத்த பழம் ஐந்து மணிக்குள் கெட்டுவிடாது. சற்று முன்னதாக நறுக்கியதை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்து, அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள். சில்லென்று இல்லாத பழத்தில்தான் மணமும் நன்றாகத் தெரியும். ஒன்றுசேர்த்த பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருக்க வேண்டாம், மிஞ்சியதை மறுநாளைக்கு என்று எடுத்து வைக்கவும் வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனிப் பாத்திரம் வைத்துவிடுங்கள். கொய்யா, பப்பாளி, ஆரஞ்சு ஆகிய மூன்றை மட்டும் போட்டு, சப்போட்டாவும் வாழையும் தேனும் சேர்க்காமல், சிறு கிண்ணம் அளவுக்குக் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் இருக்காது. சப்போட்டா மிகவும் இனிப்பான பழம், அதை அவர்கள் கிண்ணத்தில் போடுவது உபசாரமாகாது.

இதுவரை யாரும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அழகாக இருக்கிறதென்று யாராவது நட்சத்திரப் பழத்தை நறுக்கி மேலே அடுக்கச் சொல்வார்கள். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அந்தப் பழம் நஞ்சாகிவிடும். விக்கலில் தொடங்கி வலிப்பு வரைக்கும் போகக்கூடும். நாற்பது பேர் உண்ணும் இடத்தில் யாருக்குச் சிறுநீரகக் கோளாறு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது, ஆகவே பொதுப் பாத்திரத்தில் அது வேண்டவே வேண்டாம். பம்பளிமாசும் அப்படித்தான். கொழுப்பைக் குறைக்கவும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகளின் அளவை அது உடம்பில் கூட்டிவிடக்கூடும். வீட்டில் நாம் தின்பது வேறு, ஊருக்குப் பரிமாறுவது வேறு.


பெங்களூர்த் தமிழன் எழுதியது:

எல்லோரும் கஸ்டர்டைக் கைகழுவிவிட்டீர்கள், நான் மட்டும் அதற்காக வாதாட வந்திருக்கிறேன். பிள்ளைகளுக்கென்று ஒரு சிறு பாத்திரத்தில் கஸ்டர்டு வைத்தால் யாருக்கும் குடி முழுகிவிடாது. ஆனால் அதில் வாழை, சப்போட்டா, மாதுளை ஆகிய மூன்றை மட்டுமே போடுங்கள். பப்பாளியையும் அன்னாசியையும் பாலோடும் தயிரோடும் சேர்த்து வைத்தால், அவற்றிலுள்ள நொதிகள் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பை ஏற்படுத்தும். என் மகள் பிறந்தநாளுக்கு அன்னாசியைப் போட்டு ஜெலட்டினில் ஜெல்லி செய்ய முயன்று, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தும் அது ரசம் போலவே நின்றதைப் பார்த்தவன் நான். பிறகுதான் அதற்கும் இதே காரணம் என்று தெரிந்துகொண்டேன்.


வடவள்ளி வாசகி எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பண்டிகைக்கு இன்னும் ஒன்பது நாள் இருப்பதால், நேற்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ஆறு பேருக்கு மட்டும் ஒரு கிலோ கணக்கில் செய்து பார்த்துவிட்டேன். காலையில் ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தையில் கொய்யாவும் பப்பாளியும் நெல்லிக்காயும் கிடைத்தன. ஆரஞ்சும் மாதுளையும் நேந்திரனும் வெளியில் தள்ளுவண்டியில் வாங்கினேன். சப்போட்டாவை நகத்தால் கீறிப் பார்க்கப் போய்க் கடைக்காரரிடம் வசவு வாங்கியதால், ஒரு காயை விலை கொடுத்து வாங்கிக்கொண்டு பிறகு கீறினேன். பச்சையாகத்தான் இருந்தது, ஆகவே நேற்றுச் சப்போட்டா இல்லை.

கொய்யாக் கூழில் ஒரு பிழை செய்துவிட்டேன். கையால் பிசையச் சொல்லியிருந்தும் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டேன். விதைகள் உடைந்து, வடிகட்டியின் கண்ணிலும் புகுந்து, கூழ் முழுக்க நறநறவென்று மணல் கலந்தாற்போல் ஆகிவிட்டது. அதை ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு கொய்யாவின் நடுச்சதையை மத்தால் மசித்து, நெல்லிச் சாறு விட்டு வடித்தேன். இம்முறை வெண்ணெய் போல வழவழவென்று இறங்கியது. பழத்தில் புரட்டி ஒரு மணி நேரம் வேண்டுமென்றே வெளியில் வைத்துப் பார்த்தேன். கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் தண்ணீர் இல்லை. கொய்யா நறுக்கியபோது இருந்த வெண்மையில் இருந்தது, நேந்திரனின் ஓரத்தில் மட்டும் சற்றுப் பழுப்பு தெரிந்தது. ஆரஞ்சுச் சுளைகளில் பாதியை வழக்கம்போல் கத்தியால் நறுக்கியும், பாதியை ஆசிரியை அவர்கள் சொன்னபடி கிழியாமல் உரித்தும் இரண்டு கிண்ணங்களில் வைத்திருந்தேன். நறுக்கியதில் நாக்கின் அடியில் அந்தப் பழைய கசப்பு இலேசாகத் தலைகாட்டியது, மற்றதில் இல்லை.

செவிலி அம்மா சொன்ன நட்சத்திரப் பழச் செய்தியை எங்கள் அடுக்ககக் குழுவிலும் பகிர்ந்துவிட்டேன். இரண்டாம் மாடியில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் இருக்கிறார் என்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கிண்ணத்தில் எந்தப் பழத்தை எவ்வளவு வைக்கலாம் என்பதை அவருடைய மருத்துவரிடமே கேட்டுச் சொல்லும்படி அவர் மனைவியிடம் கேட்டிருக்கிறேன்.

மாமியார் முதலில் வேண்டாம் என்றார். சில்லென்று இல்லையே என்று கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு இரண்டு வாய் தின்றார், பிறகு மிளகுப்பொடி டப்பாவை எடுத்துவரச் சொன்னார். பண்டிகைக்கு வேண்டிய இரண்டு கிலோ ஆரஞ்சை உரிக்கும் பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார். ஆயக்குடித் தோட்டத்து நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி: சப்போட்டாவை அரிசிப் பானையில் போடுவதற்கு இன்றே வாங்கிவிடலாமா, அல்லது இன்னும் நான்கு நாள் பொறுக்கலாமா?


ஆயக்குடித் தோட்டம் எழுதியது:

இன்னும் நான்கு நாள் பொறுங்கள். பழுத்த வாழை ஒன்றை அதோடு போட மறக்க வேண்டாம், தினமும் ஒரு தடவை காம்புப் பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்து, நெகிழ்ந்ததை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். கடையில் வாங்கும்போது கீறுவதற்குப் பதிலாகக் கட்டை விரலால் தோலைத் தேய்த்துப் பாருங்கள். முற்றிய காயில் மேலிருக்கும் பழுப்புத் தூள் எளிதாக உதிரும். கடைக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார்.